இரண்டு இருபது

மாலை ஆறு பதினேழுக்கு
வால்வை மூடினோம்.
மூன்று நாள் ஓடவிட்ட சுடுநீர்
போக வழியில்லாமல்
பாறை வெடிப்புகளுக்குள் ஏறி ஏறி
தன் பழைய உயரத்தைத் தேடுகிறது.
எழுநூற்றுப் பத்து மீற்றர் கீழே
எஃகுக் கம்பியின் நுனியில்
அமுக்கமானி தொங்கிக்கொண்டிருக்கிறது.
எவ்வளவு விரைவாய் ஏறுகிறாய்?
நெடுங்கேணியிடம் நாங்கள் கேட்பது
இந்த ஒன்றைத்தான்.

முதல் பத்து நிமிடம் நம்பக்கூடாது.
அது குழாயின் குரல், பாறையினது அல்ல.
அடுத்தது, துளையின் சுவரில் அப்பிய
சேற்றின் முறைப்பாடு;
துளைக்கும்போது நாங்களே பூசியது.
அதையும் கழித்து,
நூறு நிமிடம் போனபிறகுதான்
நிலம் வாய் திறக்கும்.

மடக்கைத் தாளில்
ஒன்றிலிருந்து பத்து நிமிடம் வரை ஒரு சாண்.
நூறிலிருந்து ஆயிரம் வரையும் அதே ஒரு சாண்தான்.
விழித்திருப்பவளுக்கு
இந்தக் கணக்கு கொஞ்சம் அநியாயம்.

சிவரூபன் பிளேன்ரீ ஊற்றித் தந்தான்.
முன்பு இதே காணியில்
முழங்காலில் இருந்து கண்ணிவெடி எடுத்தவன்.
"ஒரு சாண் ஆழம் வரைக்கும் எனக்குத் தெரியும் அக்கா,
அதுக்குக் கீழ உங்கட பாடு" என்றுவிட்டு
பெட்டியில் சாய்ந்து உறங்கிப்போனான்.
வீரை மரங்களுக்கு அப்பால்
எங்கோ யானை வெடி கேட்டது.

நானூறு மீற்றருக்குள்
எவரும் நீர் இறைக்கக்கூடாது,
சோதனை முடியும்வரை.
கனகேந்திரன் கையெழுத்து வைத்தவர்.
"கச்சான் பூக்கிற நேரம் பிள்ளை"
என்று மட்டும் சொன்னவர்.

இரண்டாம் இரவு, இரண்டு இருபது.
ஏறிக்கொண்டிருந்த கோடு நின்றது.
பிறகு குனிந்தது.
பூச்சியம் தசம் பூச்சியம் மூன்று பார்.
ஒரு பெருமூச்சின் அளவுகூட இல்லை.

கருவியைச் சந்தேகித்தேன்.
மின்கலத்தைப் பார்த்தேன்.
நிலா இழுக்கும் இழுப்பில்
பாறையும் கொஞ்சம் உப்பித் தாழும்,
ஆனால் இவ்வளவு சரிவு அதற்கில்லை.
அப்போது காற்றுத் திரும்பியது.
மண்ணெண்ணெய் மோட்டர் ஒன்று
பனிக்குள் இருமிக்கொண்டிருந்தது.
பதினொன்றுக்கே தொடங்கியிருக்க வேண்டும்.
மூன்று மணித்தியாலமாய்
கல்லுக்குள் நடந்து வந்திருக்கிறது
அந்தச் சேதி.

விடிய, ஈரப் பாத்திகளின் நடுவே
மண்வெட்டியோடு நின்றார்.
ஒளிக்கவில்லை.
கோபிக்கத்தான் போனேன்.
தாளை விரித்து,
"இந்தப் பள்ளம் நீங்கள்" என்றேன்.

நெடுநேரம் பார்த்தார்.
ஈர விரலை வைக்காமல்
கோட்டுக்கு மேலே காற்றில் ஓட்டிப் பார்த்தார்.
"நீங்கள் ஓடவிட்ட மூண்டு நாளும்
என்ர மோட்டர் காத்துத்தான் குடிச்சது.
மழை இல்லாததால எண்டு நினைச்சன்.
நேற்றுத்தான் தண்ணி திரும்பி வந்தது.
வந்ததை விட மனம் வரேல்லை."

அவருடைய குழாய்க்கிணறு
அறுபது மீற்றர்.
எங்கள் வரைபடத்தில்
இரண்டுக்கும் நடுவே
முழுப் பாறை என்று சாம்பல் நிறம் தீட்டியிருக்கிறது.
தீட்டியது நான்.

"அப்ப நாளைக்கு
கரண்டுக்கெண்டு ஓயாமல் எடுத்தால்?"
அவர் கேள்வியை முடிக்கவில்லை.
மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து
அடுத்ததைத் திறந்தார்.

பதிவேட்டில் சிவரூபன் எழுதியிருந்தான்:
இரண்டு இருபது. வெளிக் குழப்பம்.
'வெளி' என்ற சொல்லை வெட்டினேன்.
மற்றச் சொல்லையும்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால்வு இன்னும் மூடியே இருக்கிறது.
காலை ஒன்பதரைக்கு
கோடு மறுபடி ஏறத் தொடங்கியது.
அவர் எத்தனை மணிக்கு மோட்டரை நிறுத்தினார் என்று
நான் போய்க் கேட்கத் தேவையில்லை.