ஐந்து பேருக்குச் சமைக்கலாம்

ஜனவரியில்தான் அந்தப் பலகை வந்தது.
காலி வீதியைப் பார்த்த சுவரில்
ஆணி அடித்தவள் நான்.
கதிரையைப் பிடித்துக்கொண்டவள் ஷிஹாரா.

எட்டுப் பேர், எட்டுக் காந்தம்.
காப்புறுதி ஒன்று விற்றால் ஒரு படி மேலே.
'விளையாட்டு மாதிரி எடுங்க' என்றார்
மனேஜர் இந்துனில்.

விளையாட்டாகத்தான் தொடங்கியது.
முதல் கிழமையில் யாரோ
ஸ்டேப்ளரை லாச்சிக்குள் பூட்டினார்கள்.
பிறகு வாடிக்கையாளர் பட்டியலை.
பிறகு, கைபேசி ஒலித்தால்
படிக்கட்டுக்கு ஓடினோம்.
காதலனோடு பேசுகிற குரலில்
பிரீமியம் பேசினோம்.

மழை பிடித்தால் ஒரே ஓட்டோவில்
மடிக்கு மேல் மடியாகப் போன நாலு பேர்
வெள்ளவத்தைச் சந்தியில்
நாலு குடையின் கீழ்
நாலு திரையில்
தனித்தனி ஓட்டோ தேடினோம்.

மார்ச் இருபத்தெட்டு, வியாழன்.
மகனுக்கு இழுப்பென்று
ஷிஹாரா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.
அவள் மேசையில் தொலைபேசி.
நாலு தரம் அடிக்கவிட்டேன்.
ஐந்தாவதில் எடுத்தேன்.

புறக்கோட்டை, ஐந்தாம் குறுக்குத் தெரு,
ஜவுபர் ஹாஜியார்.
மூன்று லொறிக்கும் போடவேண்டுமாம்,
'ஷிஹாரா பிள்ளை இருக்காவா?'

'அவ இப்ப இங்க இல்லை.'
அதுவரை உண்மை.
அங்கேயே வைத்திருக்கலாம்.
ஒரு மூச்சு விட்டேன்.
'விலகிட்டா, ஹாஜியார்.'

காந்தம் பலகையில் ஒட்டும்போது
ஒரு சின்னச் சத்தம் வரும்.
மூன்று தரம் கேட்டேன்.

சித்திரை விடுமுறை முடிந்து பரிசு தந்தார்கள்:
ரைஸ் குக்கர்.
'ஐந்து பேருக்குச் சமைக்கலாம்'
என்றது பெட்டி.
நான் இருப்பது மாடியறை வாடகையில்.
சமைக்கக்கூடாதென்று
ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.
முதலில் கைதட்டியவள் ஷிஹாரா.

மூன்றாம் நாள்
திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்:
'ஹாஜியாரைக் கண்டன்.
நான் விலகிட்டன் எண்டு
ஆரோ சொன்னதாம்.'
எனக்குத் தேநீர் தொண்டையில் நின்றது.
அவள் லாச்சியைத் திறந்து
நாலாக மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.
தெஹிவளை டொக்டர் ஒருவர்
என்னைக் கேட்டு எடுத்திருக்கிறார்.
இலக்கம், நேரம், எல்லாம்
அவளுடைய வடிவான கையெழுத்தில்.
பெப்ரவரி பதினொன்று.

'தர மறந்திட்டன்' என்றாள்.
'பரவாயில்லை' என்றேன்.
இரண்டும் பொய்யென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
என்னவோ, மூன்று மாதத்தில்
நாங்கள் சேர்ந்து செய்த வேலை
அது ஒன்றுதான்.

காந்தங்கள் மறுபடி கீழ் வரிசைக்கு வந்தன.
குக்கரைக் கொண்டுவந்து
கந்தோர்ச் சமையலறையில் வைத்தேன்.
யாரும் தொடவில்லை.
இரவுக் காவலாளி கருணாபாலவைத் தவிர.
லாச்சிகளைப் பூட்டிவிட்டு எட்டுப் பேரும் போனபின்
அதில் அவர் முட்டை அவிக்கிறார்.
பலகையில் அவருக்குப் பெயர் இல்லை.
விடியற்காலை போகும்போது
இரண்டை மூடிவைத்துவிட்டுப் போகிறார்.
யாருக்கென்று எழுதுவதில்லை.