எண்பத்து மூன்றாவது கட்டம்

ஆர்க்கெஸ்ட்ராவில் எனக்கு வாத்தியம் கிடையாது.
எனக்கு அழிப்பான்.

கச்சேரி முடிந்த மறுநாள் காலை
மேடையில் நின்றபடியே விட்டுப்போன தாள்களைச் சேர்ப்பேன்.
வில் மேலே, வில் கீழே,
இங்கே மூச்சு,
மலாயில் ஒரு வசவு,
சீன எழுத்தில் யார் வீட்டுக்கோ மளிகைக் கணக்கு.
பென்சில் எல்லாம் தேய்த்து
வாடகைக்கு வந்த இசையை வெள்ளையாக்கி
ஹாம்பர்க்குக்குத் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம்.

தவமலர் சவரிமுத்துவின் தாள்கள்
எங்கேயும் திரும்ப வேண்டியதில்லை.
அவை பிரிக்பீல்ட்ஸிலிருந்து
துணிக்கடைப் பையில் ரயிலேறி வருபவை.
பையைத் தூக்கி வருபவரும் அவர்தான்.

கையேட்டில் அவருக்கு ஆறு வரி ஒதுக்கினார்கள்.
பிறந்தது தைப்பிங். படித்தது ஓஸ்லோ.
பரிசு ஒன்று. படைப்புகள் பதினேழு.
ஏழாவது வரி இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேன்:
நாலு மணி முதல் எட்டு மணி வரை
செத்தாப்பாக்கில் பிள்ளைகளுக்குப் பியானோ;
ஒரு மார்ஜரின் விளம்பரத்துக்கு எட்டு வினாடி மெட்டு.
நாடே இன்னும் முணுமுணுக்கும் அந்த எட்டு வினாடிதான்
இரண்டாவது தடவையும் ஒலித்த ஒரே படைப்பு.

மற்றதெல்லாம் முதல் அரங்கேற்றம்.
அதோடு சரி.

'மின்தூக்கி பழுது' — நான்கு தந்திகள் பதினொரு நிமிடம்
மாடியேறி மூச்சு வாங்கும்.
'சுங்கச்சாவடி' — ஒரு பெண்குரல்
கட்டணச் சீட்டை மேலிருந்து கீழ்வரை பாடும்,
தேதி நேரம் உட்பட.
'சேறு கலக்குமிடம்' — செல்லோக்கள் கிள்ளான் ஆறு,
ஒற்றைக் கிளாரினெட் கோம்பாக்,
வயோலாக்கள் சேறு.
வயோலாக்காரர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

பெட்டியில் போட்டேன். அழிக்கவில்லை.
பெரிய மனசெல்லாம் இல்லை, சோம்பல்.
யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த மார்ச்சில்
வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பியானோக்காரருக்கு அம்மை.
நிகழ்ச்சியில் பதிமூன்று நிமிட ஓட்டை.
சேறு பதிமூன்று நிமிடம்.

ஒத்திகை. மழை. பாதிப் பேர் பசியாறாத முகம்.
எண்பத்து மூன்றாவது கட்டத்தில்
எல்லாரும் கடந்துபோன பிறகு
ஒரே ஒரு வயோலா
அரை நொடி பின்தங்கி நின்றது,
சாலை கடக்கும்போது செருப்பு கழன்றவரைப் போல.

நடத்துநர் கோலால் தட்டினார். யாரது?
ஹஸிக்கா தாளைத் தூக்கிக் காட்டினாள்.
சேர்ந்து மூன்று மாதம்தான்;
எழுதியிருப்பதை வாசிக்கும் வயது.
சுரத்தின் தலைக்கு மேல் பென்சிலில்
ஒரு புருவம், அதன் கீழ் ஒரு புள்ளி:
நில்.

லோ கிம் ஹுவாட் போட்டது.
ஒன்பது வருடத்துக்கு முன்.
இப்போது அவர் பெர்த்தில் சூரியத்தகடு விற்கிறார்.
ஏன் போட்டார் என்று அவரிடமே கேட்டாலும் தெரியாது.
அன்றைக்கு இடி இடித்திருக்கலாம்.
எனக்குக் காது சுட்டது. அழித்திருக்க வேண்டியவன் நான்.

கடைசி வரிசையிலிருந்து தவமலர் இறங்கி வந்தார்,
தோளில் பை, கையில் நனைந்த குடை.
தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
இன்னொரு தடவை, என்றார்.
அதே வயோலா அதே இடத்தில் நின்றது.

இப்போது எல்லாரும் நில்லுங்கள்.

நின்றார்கள்.
ஆறு நின்றதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கூரையில் மழை கேட்டது.
கிளாரினெட்டுக்காரர் மட்டும் உள்ளே இழுத்த மூச்சை
என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

மதியம் என்னிடம் பேனா கேட்டார்.
நாற்பத்தொரு தாளில்
நாற்பத்தொரு புருவம், மையில்.
பொட்டலத்து மீ ஆறிப்போய்க் கட்டியானது.
வேறு யாராவது செய்திருந்தால் கோபம் வந்திருக்கும் என்றார்,
யாரிடம் என்று இல்லாமல்.

எழுந்து போகும்போது திரும்பினார்.
"மூன்றாவது வயோலா, எட்டாம் பக்கம்.
பால், முட்டை, சலவைத்தூள் என்று எழுதியிருக்கு.
அதை மட்டும் அழிச்சிடுங்க."

சனிக்கிழமை எட்டரைக்குக் கச்சேரி.
கையேட்டில் 'இரண்டாம் முறை' என்று போடச் சொல்லி
அச்சகத்துக்குப் போன் செய்தேன்.
எழுத்துப் பிழையா என்று கேட்டார்கள்.