வெண்கட்டி

முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார் நெறியாளர்:
"அதிகாரிக்கு நீதான். உனக்கு அந்த முகம் கிடக்கு."
பன்னிரண்டு வருடம் கச்சேரியில்
காணிப் பிரிவு மேசையில் இருந்து கிடைத்த முகம்.
மறுக்கவில்லை.

குருநகர் மண்டபத்தில் வைகாசி வெக்கை.
மேடையிலோ கப்பல் வந்து சேர்கிற பனிக்காலம்.
கனடாக்காரர் வந்து விட்டுப்போன குளிர் அங்கிகளை
வீடு வீடாய்ப் போய் இரவல் வாங்கினோம்.
ஒன்றின் பையில் பழைய பஸ் ரிக்கற் இருந்தது,
இன்னொன்றில் ஒற்றைக் கையுறை.
பனிக்கு இலவம்பஞ்சு.
வேர்த்த நெற்றிகளில் ஒட்டிக்கொண்டு
உருகாமலே நின்றது.

கருங்கடல் பக்கத்து ஊரொன்றிலிருந்து
கதவுகள் எரிந்த தெருவைக் கடந்து வந்த யூதக் குடும்பம்.
தையல்காரன் மெண்டல், மனைவி றிவ்கா,
தலையணைக்குள் சுற்றிய
மெழுகுதிரித் தாங்கிகள் இரண்டு.
மெண்டலாய் நடித்த பெனடிற்
நாலாம் ஒத்திகைக்குப் பிறகு வரவில்லை.
ஏஜென்சிக்காரன் கூப்பிட்டானாம்.
இப்போது எந்த நாட்டில் நிற்கிறான் என்று
அவன் தமக்கைக்கும் தெரியாது.
வசனத்தை மாற்றினோம்:
"புருசன் முன்னாலே போய்விட்டார். கடிதம் இல்லை."
ஒரு வரிதான்.
அதற்குப் பிறகுதான் நாடகம் நடக்கத் தொடங்கியது.

என் வேலை எளிது.
பெயரைக் கேட்பேன். நீளம் என்பேன். வெட்டி எழுதுவேன்.
ஷ்முவேல் என்ற பெடியனைச் சாம் ஆக்கினபோது
பெண்கள் பக்கம் ஒருத்தி உரக்கச் சொன்னாள்,
"எங்கட அருளானந்தம் அங்க இப்ப ஆலன்."
சிரித்தார்கள். சிரிப்புச் சட்டென்று முடிந்தது.

பிறகு கண் பார்க்கும் காட்சி.
இமையைப் பிரட்டி, நோய் என்று கண்டால்
அங்கியின் தோளில் வெண்கட்டியால் ஓர் எழுத்து.
எழுத்து விழுந்தவருக்குத் திரும்பிப் போகிற கப்பல்.
றிவ்காவாய் நின்ற ஜெசிந்தா
பகலில் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறவள்.
அவள் கண்ணை என் விரல் திறந்தபோது
உண்மையாகவே சிவந்திருந்தது.
பஞ்சுத் தூசியாய் இருக்கலாம்.
கீறினேன்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழும்பினார்,
சாரத்தை மடித்துக் கட்டியபடி:
"விடடா அவளை! அவ்வளவு கடல் தாண்டி வந்தவள்!"
இன்னொரு குரல். பிறகு பின்வாசலில் நின்ற பெடியள்.
கதிரைகள் இழுபட்டன.
அந்த இடத்தில்தான் திரை விழவேண்டும்.
கயிறு கப்பியில் சிக்கிவிட்டது.

எனக்கு இனி வசனம் இல்லை.
கையில் வெண்கட்டியோடு நின்றேன்,
முன்னூறு பேர் விடு விடு என்று கத்த,
விடவும் தெரியாமல்,
முகத்தை எங்கே கழற்றி வைப்பது என்றும் தெரியாமல்.
ஜெசிந்தா உதடு அசையாமல் கேட்டாள்,
"அண்ணை, நான் போகவோ நிக்கவோ?"

முகம் கழுவி வெளியே வர
சைக்கிள்களுக்குப் பக்கத்தில் அதே மூன்றாம் வரிசைக்காரர்.
அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன்.
சட்டைக்குள் இருந்து பொலித்தீன் உறை ஒன்றை எடுத்தார்,
மழைக்கும் உப்புக்கும் பழகிய உறை.
"தம்பி, மகளின்ர விசாப் போம்.
ரெண்டு தரம் திருப்பிப் போட்டாங்கள்.
பிழை எங்க எண்டு உங்களுக்குத்தான் தெரியும்."
நடிப்பு ஐயா, என்று சொல்ல வாயெடுத்தேன்.
தெருவிளக்கின் கீழ் பிரித்துப் பார்த்தேன்,
விளிம்பெல்லாம் வெள்ளைத் தூள் பட.
ஏழாம் பக்கத்தில்
ஒரு கையெழுத்துக் குறைந்திருந்தது.