ஏழாவது பாட்டில் மில் ஓடுகிறது

புதுவயல் ரைஸ்மில் குடோனில்
பதினோரு இரவுகள்.
வாடகை கிடையாது. ஒரே நிபந்தனை:
விடிகாலை ஐந்தரைக்கு லாரி வரும்போது
டிரம்ஸ் இருந்த இடத்தில்
டிரம்ஸ் இருக்கக் கூடாது.

சென்னை ஸ்டுடியோவில்
ஒரு மணி நேரத்துக்குக் கேட்ட தொகையைச் சொன்னதும்
வயிரவன் சாவியை எடுத்து நீட்டிவிட்டான்.
"அதுக்கு ஒரு மூட்டை பொன்னி வருமேடா."

தகரக் கூரை எல்லாவற்றையும்
இரண்டு தடவை சொன்னது.
தவிட்டு மூட்டைகளை அடுக்கினோம்
ஆளுயரத்துக்கு, மூன்று பக்கம்.
திறந்த பக்கத்தில் உமையாள் நின்றாள்.
முதல் டேக்கில் மூன்று தும்மல்.
ஒன்றை மட்டும் வெட்ட விடவில்லை ஸ்டீபன்.
தாளத்தில் விழுந்திருக்கிறதாம்.

ஆறாம் இரவு
கேரளாவிலிருந்து அவசர ஆர்டர்.
பக்கத்து ஷெட்டில் மோட்டார் போட்டார்கள்.
தரையிலிருந்து ஏறி
முழங்காலில் வந்து நின்றது ஓர் உறுமல்.
ஸ்டீபன் குச்சிகளை வீசிவிட்டு
டீ குடிக்கப் போனான். கடை மூடியிருந்தது,
திரும்பி வந்தான்.

அபுதாகிர் ஒன்றும் பேசவில்லை.
பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை
இறக்கினான், கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம்.
கம்பி எது மோட்டார் எது என்று
தெரியாமல் போன இடத்தில்
கையை எடுத்தான்.
"இப்ப வாங்க."

யாரும் ஒன்று இரண்டு எண்ணவில்லை.
பெல்ட்டின் ஒட்டு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம்
டக் என்றது.
அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம்.
அதுதான் ஏழாவது பாட்டு.

பத்தாம் நாள் அவனுக்குத் தோஹா விசா.
ஒன்பதாவது பாட்டில் பேஸ் நான் வாசித்தது.
அனுப்பினேன். "வித்தியாசமே தெரியலடா" என்றான்.
பொய்.

ஆல்பத்துக்குத் 'தவிடு' என்று பெயர்.
பங்குனியில் வெளியிட்டோம்.
முதல் நாள் அறுபத்தொரு முறை கேட்கப்பட்டது.
நாற்பது, தோஹாவில்
ஒரே போனிலிருந்து.

உமையாளின் அப்பா
கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு
நாற்பத்திரண்டு நிமிடமும் கேட்டார்.
"சத்தம் நல்லா இருக்கு.
பாட்டு எப்ப வரும்?"

சென்னைப் பத்திரிகையில் ஒருவர் எழுதினார்:
ஏழாவது பாட்டின் எலக்ட்ரானிக் ரீங்காரத்தில்
பெர்லின் இசையின் தாக்கம்
துணிச்சலாக வெளிப்படுகிறது.
வயிரவன் சத்தமாக வாசித்தான்.
"பெர்லின்ல எவன்டா நெல் அரைக்கிறான்?"

கல்லூரி விழாவில் இரண்டாவது பாட்டிலேயே
சினிமாப் பாட்டு கேட்டார்கள். வாசித்தோம்.
அதற்குத்தான் கை தட்டினார்கள்,
நாங்களும் நன்றாகத்தான் வாசித்தோம்,
அதுதான் கஷ்டம்.

கண்டனூர் அழகு சவுண்ட் சர்வீஸுக்கு
எங்கள் நாலாவது பாட்டு பிடித்துப்போனது.
பாக்ஸ் டெஸ்ட் பண்ண
அதைவிடத் தோதான டிரம்ஸ் இல்லையாம்.
கொப்புடையம்மன் திருவிழாவில்
கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம்.
நாற்பது வினாடி.
கடலை வண்டியின் தகரம் அதிர்ந்தது.
அப்பா தோளில் இருந்த ஒரு பையன்
ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தான்.
செக், செக், மைக் டெஸ்ட்.
பிறகு அம்மன் பாட்டு.
ஸ்டீபன் அழுதானா என்று கேட்காதீர்கள்,
புழுதி நிறைய இருந்தது.

இவ்வளவும் ஆன பிறகு
பாய்லர் முத்துக்கருப்பன் ஒரு நாள்
போனை வாங்கிக் காதில் வைத்தார்.
ஆறாம் இரவு சுவருக்கு அந்தப் பக்கம்
டூட்டியில் இருந்தவர்.
ஏழாவது பாட்டைப் பாதியில் நிறுத்தி
"அன்னைக்கு பெல்ட்டு தொய்ஞ்சு ஓடியிருக்கு" என்றார்.
ஸ்பேனரோடு போனார்.

இப்போது மில்
ஒரு இழை மேலே பாடுகிறது.
எங்கள் பாட்டு
அந்த மில்லிலேயே சேரவில்லை.

அபுதாகிருக்கு எழுதினேன்.
இரவு ஒன்றரைக்குப் பதில் வந்தது:
டிசம்பர்ல லீவு.
அதுவரைக்கும் இன்னும் இறுக்க வேணாம்னு
சொல்லி வை.