இடது, வலது

டிசம்பர் கடைசி. ஓலு நகரத்துக்குச் சூரியன்
மூன்றரை மணி நேரம் வந்துவிட்டுப் போகிறது.
தைஸ்தோ பனி தள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு வருவான்.
கம்பளிக் காலுறையைக் கழற்றும் முன்பே
வால்வு ஆம்ப்ளிஃபையரைப் போடுவான்.
அது சூடாக நாற்பது நிமிடம்.
எனக்கு அவ்வளவு ஆகாது என்று ஒருமுறை சொன்னேன்.
சிரித்தான்,
கண்ணை வால்விலிருந்து எடுக்காமல்.

மூன்று வருடமாக ஒரே புகார்:
நடுவில் நின்று பாட வேண்டியவள்
வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறாள்,
பேருந்தில் யாருக்கோ வழி விடுவதைப் போல.

கேபிளை மாற்றினான். ஜெர்மனியிலிருந்து
பின்னல் போட்ட செம்புக் கேபிள் வந்தது,
என் குளிர்கால பூட்ஸைவிட விலை அதிகம்.
காது மெத்தையை மாற்றினான்: வெல்வெட், பிறகு ஆட்டுத்தோல்,
பிறகு மறுபடியும் வெல்வெட்.
ஆம்ப்ளிஃபையருக்கு அடியில்
நான்கு ஐஸ் ஹாக்கி வட்டுகளை வைத்தான்.
குளிர்பெட்டி மின்சாரத்தை அழுக்காக்குகிறதாம்,
மாலை ஏழு முதல் பத்து வரை பிளக்கைப் பிடுங்கிவிடுவான்.
பாலைப் பால்கனியில் வைத்தேன்.
மூன்று மணி நேரத்தில் செங்கல்.

கெமியிலிருந்து ஔலிஸ் வந்தான்,
கண்ணை மூடி அரைமணி கேட்டான்,
எனக்கு நடுவில்தான் நிற்கிறாள் என்றான்.
அவனுக்குக் காதே இல்லை என்று
அவன் போன பிறகு தைஸ்தோ சொன்னான்.

காபி கொண்டுபோன ஓர் இரவு,
ஒன்றும் தெரியாதவள் நான், கேட்டேன்:
திருப்பி மாட்டிப் பாரேன்,
இடதை வலதில், வலதை இடதில்.
சர்ச்சில் தொப்பியோடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
மாட்டினான்.

கருவியில் கோளாறென்றால்
அவள் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.
நின்ற இடத்திலேயே நின்றாள்,
என் கணவன் தலைக்குள், வலப்பக்கமாக.
காபி ஆறிப்போகும்வரை
அவன் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.
பாட்டு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

டாக்டர் நூட்டினென் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்.
இடக் காதின் கோடு
மூவாயிரம் வரை சமதரையில் நடந்து
அங்கே கால் தவறி விழுந்திருந்தது.
என்ன வேலை பார்க்கிறீர்கள்? சொன்னான்.
கண்ணாடியை இறக்கிவிட்டா ஓட்டுவீர்கள்?

வேறு எப்படி ஓட்டுவது?
கத்தி ஐஸைச் சுரண்டுகிறதா தாரைச் சுரண்டுகிறதா
என்று கேட்டால்தானே தெரியும்.
இருபத்தாறு குளிர்காலம்
அந்தக் காதால்தான் சாலையைப் பார்த்தேன் என்றான்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

போனதற்கு வலக் காதிலிருந்து
கடுகளவு அழுக்கை எடுத்துவிட்டார் டாக்டர்.
அன்று மாலை
அவள் இன்னும் இரண்டடி வலப்பக்கம் போனாள்.

இப்போது கணினியில் ஒரு ஈக்வலைசர் வைத்திருக்கிறான்.
இடப்பக்கத்து மேல்சுரங்களை
ஒவ்வொரு டெசிபலாக, உப்புப் போடுவதைப்போல்,
போட்டுப் போட்டு ருசி பார்த்தான்.
ஆறாவதில் கையைத் தூக்கினான்.
வந்துவிட்டாள். நடுவில்.
எனக்கும் மாட்டிவிட்டான்.
என் இடக் காதில் ஊசி இறங்கியது.
அவளுடைய ‘ஸ்’ ஒவ்வொன்றும்
வாணலியில் விழுந்த தண்ணீர்.
நன்றாக இருக்கிறது என்றேன்.
இந்த வீட்டில் இனி அந்தப் பாட்டு
ஒரே ஒரு தலைக்குத்தான் பொருந்தும்.

ஹாக்கி வட்டுகளைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தேன்.
குளிர்பெட்டி இரவு முழுக்க உறுமுகிறது.
எந்தப் பக்கமிருந்து என்று சும்மா கேட்டேன்.
யோசித்து, வலது என்றான்.
அது அவனுக்கு இடப்பக்கம் இருக்கிறது.

நாலு மணிக்கு அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்.
கட்டைக் குரலில் வந்துகொண்டே இருக்கும் கத்தி
எங்கள் வாசல் தாண்டியதும் தாரைத் தொட்டு
சட்டென்று சுருதி ஏறும்.
அந்த இடத்தில் அவன் அதைக் கொஞ்சம் தூக்குவான்.
தலையணையிலிருந்து இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு
நான் கேட்டிருப்பேன்.
மைனஸ் இருபத்திரண்டு.
கண்ணாடி இறங்கித்தான் இருக்கும்.