ஐம்பத்தேழரை

நூஹு என்று பெயர் வைத்தது மாமனார்.
ஆணா பெண்ணா என்று தெரியுமுன்பே
ஃபோனில் சொல்லிவிட்டார்.
ஐந்தாம் மாத ஸ்கேன் வரவில்லை இன்னும்.
வெள்ளத்தைப் பற்றி
அப்போது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை
இவர் ஜும்ஆவுக்குக் கிளம்பும் முன்
தையல் டேப் எடுப்பேன்.
புருவத்துக்கு மேலே, காதைத் தொடாமல்,
பின்மண்டை மேட்டைச் சுற்றி.
ஐம்பத்தேழரை.
போன வாரமும் ஐம்பத்தேழரை.
காலண்டரில் எழுதுகிறேன்,
அடுத்த கட்டத்தில் கேஸ் சிலிண்டர் வந்த கணக்கு.
எட்டு வாரமாக ஒரே எண்.
பிள்ளை வளராததற்கு
வேறு எந்த உம்மாவும்
ஷுக்ர் செய்வாளா, தெரியவில்லை.

வலது காதுக்குப் பின்னால்
தோலுக்கடியில் ஒரு பட்டன்.
அதிலிருந்து கழுத்து வழியே, நெஞ்சு வழியே
வயிற்றுக்குள் இறங்கும் குழாய்.
குளிப்பாட்டும்போது விரல் அதன்மேல் ஓடும்,
பாவாடை மடிப்புக்குள் போய்விட்ட நாடாவைத்
தடவித் தேடுவது போல.

மதுரையில் டாக்டர் விளக்கியபோது
இவர் கேட்டார்:
"வால்வு என்ன பிரஷருக்குத் திறக்கும் சார்?"
இவர் ஏசி மெக்கானிக்.
டாக்டர் சிரிக்கவில்லை.
தாள் எடுத்து வரைந்து காட்டினார்.
அந்தத் தாள்
இங்கே ஃப்ரிட்ஜ் கதவில்.

இன்ஷூரன்ஸில் ஒரே வரி:
பிறவியிலேயே கொண்டுவந்தது பட்டியலில் சேராது.
ஏர்போர்ட்டில் சொல்லாமல்
அவன் கடத்திவந்த பெட்டி போல.

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது.
இடது முழங்கை மடிப்பில் தலை.
முதலில் தலை, எப்போதும் முதலில் தலை,
உடம்பு தானாக வரும்.
ராத்திரி மூன்று தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்,
ஒரே பக்கம் கிடந்தால் தோல் சிவந்துவிடும்.
அலாரம் வேண்டியதில்லை இப்போது.

ரோலாவின் இந்தக் கட்டிடத்தில்
லிஃப்டில் ஏறும் பெண்கள்
அவன் தலையைப் பார்ப்பார்கள்,
பிறகு என் முகத்தை,
பிறகு மாறும் எண்களை.
சூடான்காரி ஒருத்தி மட்டும்
அவன் கால்விரலைப் பிடித்து ஆட்டினாள்.
மாஷா அல்லாஹ், என்ன விரல்கள்!
குனிந்து பார்த்தேன்.
நாலு வருஷத்தில் எனக்கே அன்றுதான் தெரிந்தது,
அவன் கால்விரல்கள் அவ்வளவு அழகு.

ஜூலையில் ஓர் இரவு வாந்தி.
ஒன்று. இரண்டு. மூன்றாவது என் தோளில்.
வாந்தி என்றால் குழாய் அடைத்திருக்கலாம்.
கருவிழி கீழே இறங்கி
அஸ்தமிக்கிற மாதிரி தெரிந்தால்
ஓடுங்கள் என்று தாளில் இருக்கிறது.
ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
நடுவில்தான் இருந்தது.
பயத்துக்கு நடு தெரியாது.
ஓடினோம்.

இரண்டரை மணிக்கும்
இட்லித் துணியாய் முகத்தில் ஒட்டும் காற்று.
டாக்ஸிக்காரர் பெஷாவர்.
ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும்
வண்டியை ஏறக்குறைய நிறுத்தி
முட்டை ஏற்றிவந்தவர் போல இறக்கினார்.
யாரும் அவரிடம் சொல்லவில்லை.

எக்ஸ்ரே, ஸ்கேன், மூன்று மணி நேரம்,
ஆயிரத்து எண்ணூறு திர்ஹம்.
டாக்டரம்மா வந்தார்.
குழாய் நன்றாக ஓடுகிறது.
இது வெறும் வயிற்றுக் கோளாறு,
எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது இப்போது.
"எல்லாப் பிள்ளைகளுக்குமா?"
"எல்லாப் பிள்ளைகளுக்கும்."
இன்னொரு தரம் கேட்கலாம் போலிருந்தது.

திரும்பும் வழியில்,
சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர்களுக்குத் திறந்த கடையில்
இவர் அரைக்கிலோ ஜிலேபி வாங்கினார்.
நாத்தூருக்கு இரண்டு கொடுத்தார்.
என்ன விசேஷம் என்றான் அவன்.
"பையனுக்கு வயித்தால போவுது"
என்றார் இவர்,
பல்லெல்லாம் தெரிய.

இன்று வெள்ளி.
டேப்பின் நுனியைப் பிடுங்கி
வாயில் வைத்துக்கொண்டான் நூஹு.
பத்து சென்டிமீட்டர் வரை எச்சில்.
இழுத்தால் சிரிக்கிறான்,
விட்டாலும் சிரிக்கிறான்.
செருப்பைப் போட்டுக்கொண்டு
வாசலில் காத்து நிற்கிறார் இவர்.
இன்றைய கட்டம்
இன்னும் எழுதவில்லை.