எட்டு ஆணி

சோப்புத் தண்ணீரை
ஒரு பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு
குழாய் மூட்டுகளில் பூசினார் காம்ப்ளே.
குமிழ் வரவில்லை.
"ட்யூப்?" என்றார்.
அடுப்புக்குப் பின்னாலிருந்து
ஆரஞ்சு ரப்பரைத் திருப்பிக் காட்டினேன்.
அதன் இடுப்பில் அச்சடித்திருந்த வருடம்
நிகிலன் ஆறாவது படித்த வருடம்.
இப்போது அவன் புனேயில் பொறியியல், மூன்றாம் ஆண்டு.

அடுப்புக்கு டிக், ட்யூபுக்குப் பெருக்கல் குறி.
புதுசுக்கு இருநூற்றுச் சொச்சம், ரசீது உண்டு.

பிறகு குளியலறை.
செம்பூருக்குக் குடிவந்த புதிதில் வாங்கிய கேஸ் கீசர்,
பெயர்த்தகட்டில் துரு தின்றது போக
இரண்டெழுத்து மிச்சம்.
பற்றவைத்தார்.
நீலமாய்க் கிளம்பிய தீ
நுனியில் மஞ்சளாகித் தள்ளாடியது.
"புகை எங்கே போகும்?"
மேலே கை காட்டினேன்.
கண்ணாடிப் பட்டைகள் இருந்த இடத்தில்
ப்ளைவுட் பலகை.
புறாத் தொல்லை தாங்காமல் இவர்தான்
ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தார்,
எட்டு ஆணி.

காம்ப்ளே பலகையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"குளிக்கும்போது தலை சுற்றுமா, தாயி?"

மூன்று வருடமாக
ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை தின்கிறேன்.
முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட்.
போன தை வெள்ளியன்று
வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன்.
"இன்னுமா குளிக்கிற, லேட்டாகுது" என்று
கதவு தட்டும்வரை.
யாரும் கேட்டதில்லை இதை.
தலையாட்டினேன்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை போல.
ஓரத்தில் மராத்தியில் ஏதோ எழுதினார்.
வால்வை மூடி
சிவப்பு நூலில் ஒரு சீட்டுக் கட்டினார்.
கீசர் பால்கனிக்குப் போகணும்,
தண்ணீர் மட்டும் குழாயில் உள்ளே வரணும்,
பலகை இன்றைக்கே போகணும்.

சுவரில் ஓட்டையா என்றார்
சொசைட்டி செக்ரட்டரி பவ்நானி.
அடுத்த ஜெனரல் பாடியில் வைப்போம்.
"அதுக்குள்ள என் பாடியத்தான் வைக்கணும்" என்றேன்,
தமிழில்.
அவருக்குப் புரியவில்லை.
பக்கத்தில் நின்ற இவருக்குப் புரிந்தது.

இரவு எட்டரைக்கு
ஸ்டூல் போட்டு ஏறினார்.
நான் டார்ச் பிடித்தேன்.
ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கி
என் உள்ளங்கையில் வைத்தார்.
ஐந்தாவது வளைந்து வந்தது.
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
பலகை விலகியதும்
தூசியும் இறகும் எங்கள் தலைமேல்,
கூடவே யார் வீட்டிலோ மீன் பொரிகிற வாசம்.

இப்போது
காயும் துணிகளுக்கு ஒதுங்கி பால்கனியில் எரிகிறது கீசர்.
பர்னரைக் கழற்றிக் கழுவியதில்
தீ முழுக்க நீலம்.
மறுபடி வந்த காம்ப்ளே
சிவப்புச் சீட்டை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு
டீ வேண்டாமென்று போனார்,
இன்னும் பதினோரு வீடு இருக்கிறதாம்.

மாத்திரை அட்டையில் ஆறு பாக்கி.
ஜன்னலுக்கு வலை அடிக்கணும்,
அடிக்கவில்லை.
குளிக்கும்போது ஒரு புறா வந்து
கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறது.
பார்க்கட்டும்.